தலைப்பொங்கல் எஞ்சின்

முதலமடை
24-11-1935

அன்புள்ள அண்ணனுக்கு,

சாந்தம்மாள் எழுதுகிறேன். நான் சுகம், வயிற்றில் இருப்பதும் சுகம். இந்த வீட்டில் சுகமில்லாதது ஒன்றே ஒன்றுதான். அது நெல்லுமில் கொட்டகையில் இறக்கையை விரித்துக்கொண்டு நிற்கிறது.

தீபாவளிக்கு முந்தின நாள் நான் இலையைக் கழுவி வைத்துக் காத்திருந்தேன். வண்டி வந்தது, உங்கள் மாப்பிள்ளை மட்டும் இறங்கினார். "எங்கண்ணன் எங்க?" என்றேன். "எதிர் வண்டியிலயே ஏறிப் போயிட்டாரு" என்றார். மலையிலிருந்து இறங்கி, இரண்டு நாள் ரயிலில் வந்து, பிளாட்பாரத்தில் நின்றபடியே சண்டை போட்டுத் திரும்பிப் போன முதல் மனிதர் நீங்களாகத்தான் இருக்கும். மதினி கொடுத்தனுப்பிய பலகாரப் பொட்டலத்தைப் பெஞ்சிலேயே விட்டுவிட்டுப் போனீர்களாமே. அது என்ன ஆயிற்று என்று இவரும் சொல்ல மாட்டேன் என்கிறார்.

அவர் பேசியது தப்புதான். தலைப்பொங்கலுக்கு நீங்கள் சீராகக் கொடுத்த எஞ்சினை "செத்த எஞ்சின்" என்று அவர் சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் அவர் நிலைமையையும் பாருங்கள். மதராஸில் விமானக் கொட்டகையில் மூன்று வருஷம் மெக்கானிக்காக இருந்து, ஓட்டவும் கற்றுக்கொண்டு, இங்கே சென்னியப்பக் கவுண்டரின் மில்லில் வேலை பார்த்துக்கொண்டே ஒன்றரை வருஷம் தன் கையால் இழைத்து, அந்த எஞ்சினைப் பூட்டிய ஏரோப்பிளேன். மணிக்கு அறுபது மைல் போகும் என்று கணக்குப் போட்டார். நாற்பதுதான் போகிறது. நான்தான் ரயில்பாதை ஓரம் நின்று, மைல்கல்லுக்கு மைல்கல் கடிகாரம் பிடிக்கிறேன். போக ஒரு தரம், வர ஒரு தரம், இரண்டையும் கூட்டிப் பாதி. இப்போதெல்லாம் ஒன்றரை நிமிஷத்துக்குக் குறைவதே இல்லை. அவர் ஏறி இறங்கும் தரிசின் கோடியிலுள்ள பனை வரிசையைத் தாண்டவும் மாட்டேன் என்கிறது. போதாததற்கு, எஞ்சினைக் குளிரவைக்கும் ரேடியேட்டரில் தண்ணீர் வேறு கொதிக்கிறது. புரட்டாசியில் ஆவி அடித்து அவர் கன்னமும் கழுத்தும் வெந்தது உங்களுக்குத் தெரியும்.

கவுண்டர் வந்து பார்த்துவிட்டு, "ஏனுங்க சங்கையா, இது பறக்குதுங்களா, இல்ல மேஞ்சுட்டு வருதுங்களா?" என்று கேட்டார். அந்தக் கோபத்தோடு ஸ்டேஷனுக்கு வந்தவரிடம்தான் நீங்கள் "எஞ்சின் எப்படி?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இப்போது பொங்கலுக்கு அதைக் கழற்றி ரயிலில் திருப்பி அனுப்பிவிடுவேன் என்கிறார். சீரைத் திருப்பி அனுப்பினால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மாசியில் ஏழாம் மாதம். என்னை அழைத்துப்போக யார் வருவார்கள்? எனக்கு அம்மா இல்லை. பிறந்த வீடு என்றால் நீங்களும் மதினியும்தான். கொஞ்சம் இறங்கி வாருங்கள் அண்ணா.

தங்கை,
சாந்தம்மாள்

*

சங்குமலை எஸ்டேட்
2-12-1935

தங்கை சாந்தம்மாளுக்கு,

கருத்தப்பாண்டி எழுதுவது. கடிதம் வந்தது. உன் உடம்பைப் பார்த்துக்கொள். மைல்கல் ஓரம் வெயிலில் நிற்காதே, குடை பிடித்துக்கொள்.

இறங்கி வரச் சொல்கிறாய். நான் நாலாயிரம் அடி இறங்கித்தான் வந்தேன். பிளாட்பாரத்தில் அத்தனை பேர் முன்னால் "செத்த எஞ்சினைச் சீருன்னு தலையில கட்டிட்டீரே" என்றார் உன் வீட்டுக்காரர். அந்த எஞ்சின் துரையின் காரில் எட்டு வருஷம் இந்த மலைப்பாதையை ஏறி இறங்கியது. காரை ஏலம் விட்டபோது கேட்டு வாங்கி, ஃபாக்டரி வேலை முடிந்த பிறகு மூன்று மாதம் உட்கார்ந்து, வால்வு ஒவ்வொன்றையும் நானே தேய்த்து உட்காரவைத்தேன். அதைச் செத்தது என்றால் என் கையைச் செத்தது என்று சொன்னதாகும். அந்தச் சொல்லை அவர் வாயாலேயே திரும்ப எடுக்கும்வரை அந்த வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன். இதை உனக்கு எழுத எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

இது போகட்டும். நான் ஃபிட்டர். மிஷின் கெட்டுப்போனது என்று யாராவது சொன்னால், எது கெட்டது என்று பார்க்காமல் எனக்குச் சோறு இறங்காது. ஏரோப்பிளேன் மெதுவாகப் போனால் காரணம் இரண்டில் ஒன்று. முன்னால் இழுக்கிறவனுக்குப் பலம் போதவில்லை. இல்லையென்றால் பின்னால் யாரோ பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். உன் வீட்டுக்காரர் முதல் கட்சி. எதை வைத்து அப்படிச் சொல்கிறார்?

எங்கள் ஃபாக்டரியில் தேயிலைக் கொழுந்து நிறுக்கும் ஸ்பிரிங் தராசு ஒன்றை ரயிலில் அனுப்புகிறேன். முந்நூறு ராத்தல் வரை காட்டும். ஏரோப்பிளேனின் வாலைத் தராசில் கோத்து, தராசை ஒரு மரத்தில் கட்டி, எஞ்சினை முழு வேகத்தில் ஓட்டினால் எத்தனை ராத்தல் இழுக்கிறது என்று முள் சொல்லிவிடும். இருநூற்று இருபதுக்கு மேல் இருந்தால் இழுக்கிறவன் மேல் குற்றமில்லை.

கொழுந்து நிறுக்கும் கணக்கப்பிள்ளை ஏசுரத்தினத்திடம் கெஞ்சி வாங்கியது. இப்போது பனிக்காலம், கொழுந்து குறைவு. மாசி பாதியில் கொழுந்து ஏறும்போது தராசு இங்கே தொங்க வேண்டும், இல்லையென்றால் அவர் வேலைக்கு ஆபத்து. நான் அனுப்பியதாகச் சொல்லாதே. பழைய சாமானில் கிடைத்தது என்று சொல்.

அண்ணன்,
கருத்தப்பாண்டி

*

முதலமடை
15-12-1935

அன்புள்ள அண்ணனுக்கு,

பழைய சாமானில் கிடைத்தது என்று சொன்னேன். தராசைப் புரட்டிப் பார்த்தார். முதுகில் உள்ளங்கை அகலத்துக்கு "சங்குமலை" என்று முத்திரை. "இந்தப் பழைய சாமான் மலையேறிப் போயி இறங்கி வந்துச்சாக்கும்?" என்றார். எனக்கு உங்கள் மேல்தான் சிரிப்பு வந்தது. ஒரு துணியைச் சுற்றி அனுப்பியிருக்கக் கூடாதா?

ஆனால் தூக்கி எறியவில்லை. ஒரு மணி நேரம் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு அவரே வடக்கயிற்றை எடுத்துக்கொண்டு போய் ஏரோப்பிளேனைப் பெரிய மாமரத்தில் கட்டினார். முள்ளை நான்தான் படித்தேன். எஞ்சின் முழு வேகத்தில் ஓடும்போது சருகும் புழுதியும் பறந்து எனக்குக் கண் தெரியவில்லை. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு பார்த்தேன். இருநூற்று நாற்பத்திரண்டு.

"தராசு பொய் சொல்லுது" என்றார். சொந்தக்காரனைப் போலத்தான் தராசும் இருக்கும் என்றும் சொன்னார், அதை நான் எழுதாமல் விட்டிருக்கலாம். சரி என்று மில்லில் எடை போட்ட நெல் மூட்டையைக் கொண்டுவந்து அதே தராசில் கட்டித் தூக்கினோம். மில் கணக்கில் நூற்று அறுபத்துநாலு. தராசிலும் நூற்று அறுபத்துநாலு.

அதற்குப் பிறகு அவர் சாயங்காலம்வரை எஞ்சினுக்கு எதிரில் ஒரு பெட்டியைப் போட்டு உட்கார்ந்து ரேடியேட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். என்ன என்று கேட்டேன். என் முகத்தைப் பார்த்தார், வயிற்றைப் பார்த்தார். "ஒண்ணுமில்ல. சோத்தப் போடு" என்று எழுந்துவிட்டார். தோற்றுப் போனதில் கோபம் என்று நினைக்கிறேன். எஞ்சினைத் திருப்பி அனுப்பும் பேச்சை மட்டும் விடவில்லை. முன்னைவிட உரக்கச் சொல்கிறார்.

குழந்தை நேற்று முதல்முதலாக உதைத்தது. இதை உங்களிடம் சொல்லலாமா என்று தெரியவில்லை. மதினியிடம் சொல்லிவிடுங்கள்.

தங்கை,
சாந்தம்மாள்

*

சங்குமலை எஸ்டேட்
22-12-1935

தங்கை சாந்தம்மாளுக்கு,

இருநூற்று நாற்பத்திரண்டு! கடிதத்தை ஏசுரத்தினத்திடம் காட்டினேன். ஃபாக்டரி முழுக்கச் சொல்லிவிட்டார். உன் மதினி குருவம்மாள் மட்டும் அந்த எண்ணை விட்டுவிட்டுக் கடைசி வரியை நாலு தரம் படிக்கச் சொன்னாள்.

இழுக்கிறவன் மேல் குற்றமில்லை. அப்படியானால் பிடித்துக்கொண்டிருப்பவன் யார்?

முதலில் ஒரு காரியம் செய்யுங்கள். மேலே போனதும் எஞ்சினை நிதானத்துக்குக் குறைத்துவிட்டு, சும்மா சறுக்கி இறங்கச் சொல். நல்ல உடம்பாக இருந்தால் தூரம் போகும். எஞ்சின் தூங்கும்போதும் தொப்பென்று கீழே வந்தால், அதற்கும் என் எஞ்சின்தான் காரணம் என்று யாரும் சொல்ல முடியாது.

அடுத்து நூல். இங்கே கொழுந்து வாடப்போடும் மாடியில் காற்று சரியாக ஓடாவிட்டால் இலை ஒரு பக்கம் கருகும், ஒரு பக்கம் ஈரமாகவே கிடக்கும். காற்றைக் கண்ணால் பார்க்க முடியாதல்லவா? ஒரு சாண் பஞ்சு நூலைக் குச்சியில் கட்டி எல்லா இடத்திலும் காட்டிக்கொண்டே போவேன். நூல் நேராக நீண்டால் காற்று ஓடுகிறது. துள்ளினால் அங்கே முட்டுகிறது. திரும்பிப் படுத்தால் ஏதோ அடைத்துக்கொண்டிருக்கிறது.

அதற்காகப் பறக்கவும் வேண்டியதில்லை. இப்போது உங்கள் ஊரில் வாளையார்ப் பக்கமிருந்து கிழக்கத்திக் காற்று வேட்டியைப் பிடுங்குகிற மாதிரி அடிக்குமே. ஏரோப்பிளேனைக் காற்றுக்கு எதிராக நிறுத்தி, வாலை முக்காலி மேல் தூக்கி, நாலு பக்கமும் முளையடித்துக் கட்டுங்கள். பசை தடவி இறக்கை முழுக்க நூல் ஒட்டுங்கள். அது பறப்பதாக நினைத்துக்கொள்ளும். நீ சுற்றிவந்து பார்க்கலாம்.

எனக்கு ரேடியேட்டர் பக்கம்தான் சந்தேகம். மெதுவாகப் போவதும் கொதிப்பதும் ஒரே வியாதியாக இருக்கலாம். அதன் முன்னும் பின்னும் என்ன இருக்கிறது என்று எழுது. நான்தான் அதைக் கண்ணால் பார்க்கவே இல்லையே.

வளையலுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். அதை யார் கொண்டுவருவார்கள் என்று தெரியவில்லை.

அண்ணன்,
கருத்தப்பாண்டி

*

முதலமடை
5-1-1936

அண்ணா,

இதை எழுத மூன்று நாளாக உட்கார்ந்து எழுந்திருக்கிறேன்.

சறுக்கிப் பார்த்தார். குளத்துக்கு மேலே எஞ்சினைக் குறைத்தார். தரிசின் நடுவில் இறங்க வேண்டியது, வரப்பைக்கூட எட்டவில்லை, சோளக்காட்டில் இறங்கியது. அடி ஒன்றும் படவில்லை. அவர் இறங்கி வந்து, "உங்கண்ணன் சொன்னது சரிதான்" என்றார். உங்கள் யோசனை என்று நான் சொல்லவே இல்லை.

மறுநாள் காற்று பலமாக அடித்தது. கட்டி நிறுத்தினோம். நூல் ஒட்டுவது என் வேலை. இரண்டு இறக்கையின் ஓரத்திலும் நூல் எல்லாம் சீவிவிட்ட தலைமுடி மாதிரி படிந்து கிடந்தது. நடுவில் வந்து பார்த்தால், ரேடியேட்டருக்குப் பின்னால் இறக்கையின் நடுப்பாகம் முழுக்க நூல் எழுந்து நின்று ஆடுகிறது. சில நூல் முன்பக்கமாகத் திரும்பிக்கொண்டது. குச்சியில் கட்டிய நூலை ரேடியேட்டருக்கு எதிரே பிடித்தேன். உள்ளே போக வேண்டிய நூல் வெளியே விலகி ஓடியது. காற்று வாசல்வரை வந்து, உள்ளே நுழையாமல் திரும்பிப் போகிறது.

 ரேடியேட்டருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஒரு தகரம் இருக்கிறது. அதை வைக்கச் சொன்னதே நான்தான்.

புரட்டாசியில் ஆவி அடித்துக் கன்னம் வெந்து வந்தாரே, அன்று நான் பயந்து போனேன். ரேடியேட்டர் அவர் முகத்துக்கு நேர் எதிரே நிற்கிறது. அடுத்த தரம் கண் போய்விடும் என்று அழுதேன். மண்ணெண்ணெய்த் தகரத்தை வெட்டி, ரேடியேட்டரின் முதுகை முழுக்க மூடச் சொன்னேன். அவர் தயங்கினார். நான் விடவில்லை. "என் வயித்துப் புள்ள மேல ஆணை, இந்தத் தகரம் இல்லாம நீங்க ஏறக் கூடாது" என்றேன். அன்றே அடித்து மூடிவிட்டார். அதற்குப் பிறகுதான் அதிகம் கொதித்தது. கொதிக்கக் கொதிக்க, காற்று நுழையும் முன்வாசலைப் பெரிதாக்கினார். பெரிதாக்கப் பெரிதாக்க வேகம் குறைந்தது. உங்கள் எஞ்சினைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டிருந்தது நான்தான் அண்ணா.

குச்சியோடு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அவர் ஓடிவந்தார். தகரத்தைக் காட்டி, "இதுதான்" என்றேன்.

"தெரியும்" என்றார்.

எப்போதிலிருந்து என்று கேட்டேன். "நெல்லு மூட்டையக் கட்டித் தூக்குன அன்னைக்கே தெரியும்" என்றார். பிறகு ஏன் சொல்லவில்லை? ஏன் எங்கள் அண்ணனைத் திட்டிக்கொண்டே இருந்தீர்கள்? அவர் கொஞ்ச நேரம் நூலைப் பிய்த்துக்கொண்டே இருந்தார். "புள்ள மேல ஆணை வச்சிட்ட. எடுக்கச் சொல்லி நான் எப்பிடிக் கேப்பேன்? உன் பயத்தாலதான் பிளேன் ஏறலன்னு உங்கிட்ட சொல்லவா? உங்கண்ணன்னா தாங்கிக்கிடுவாருன்னு நெனச்சேன்" என்றார்.

எனக்கு அவர் மேல் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. நீங்கள் இதில் யார் மேல் வேண்டுமானாலும் கோபப்படுங்கள். ஆனால் ஆணையை என்ன செய்வது என்று எழுதுங்கள். எடுக்கவும் பயமாக இருக்கிறது, வைத்திருக்கவும் மனசில்லை.

சாந்தம்மாள்

*

சங்குமலை எஸ்டேட்
9-1-1936

என் தங்கச்சிக்கு,

கடிதம் படித்ததும் நான் சிரித்தேன். உன் மதினி அழுதாள். பிறகு இருவரும் மாற்றிக்கொண்டோம்.

நீ செய்தது பயத்தில் செய்தது. ஆவியில் வெந்த முகத்தைப் பார்த்த எந்தப் பெண்ணும் அதைத்தான் செய்வாள். உன் மேல் எனக்குத் துளியும் கோபமில்லை. அவர் மேல் இருக்கிறது, ஆனால் முன்பு இருந்த கோபம் இல்லை. மாமரத்தடியில் உட்கார்ந்து, உன்னைக் காட்டிக் கொடுக்காமல் என்னைத் திட்டுவதென்று முடிவு செய்த மனிதனை நான் பிளாட்பாரத்தில் பார்க்கவில்லை. உன்னைக் கொடுத்த இடம் மோசமில்லை என்று மட்டும் இப்போதைக்கு எழுதுகிறேன்.

ஆணை பற்றி. வைத்தவள்தான் எடுக்க வேண்டும். அம்மா உயிரோடிருந்தபோது, அப்பா மேல் வைத்த ஆணையை மாரியம்மன் கோயிலில் தேங்காய் வைத்து, "பயத்துல வச்சேன், மனசார எடுத்துக்கிடுதேன்" என்று மூன்று தரம் சொல்லி இறக்கியதை நான் கூட நின்று பார்த்திருக்கிறேன். நீயும் அப்படியே செய்.

ஆனால் தகரத்தை எடுத்துவிட்டு அவரை மறுபடியும் ஆவிக்கு எதிரே உட்காரவைக்கச் சொல்ல மாட்டேன். உன் பயம் நியாயமானது. அதற்கும் வழி இருக்க வேண்டும். ரேடியேட்டரை அங்கிருந்து எடுத்து, எஞ்சினுக்கு அடியில் வைக்கச் சொல். தண்ணீரைத் தள்ள எஞ்சினிலேயே பம்பு இருக்கிறது, அதனால் கீழே இருந்தாலும் ஓடும். மேலே ஒரு சின்னத் தண்ணீர்ச் சொம்பு மட்டும் போதும், அதன் ஆவிக்குழாயை வெளிப்பக்கம் திருப்பிவிடட்டும். முன்வாசல் சிறிதாக இருக்கட்டும், பின்வாசல் அதைவிடப் பெரிதாக இருக்கட்டும். எங்கள் வாட்டும் மாடியில் விசிறியைக் காற்று வரும் பக்கம் வைப்பதில்லை, போகும் பக்கம்தான் வைக்கிறோம். வெளியே போக வழியிருந்தால் காற்று தானாக உள்ளே வரும்.

படமும் வாசல்களின் அளவுக் கணக்கும் போட்டு இணைத்திருக்கிறேன். உன் வீட்டுக்காரருக்குப் பிடிக்காவிட்டால் பரவாயில்லை, பெருக்கல் சரியா என்று மட்டும் பார்க்கச் சொல்.

பொங்கப்படி தனியாக அனுப்பியிருக்கிறேன். அரிசி, வெல்லம், மஞ்சள் கொத்து, உனக்கு ஒரு புடவை. அவருக்கு ஒரு வேட்டி. மதினிதான் வைத்தாள்.

அண்ணன்,
கருத்தப்பாண்டி

*

முதலமடை
20-1-1936

அன்புள்ள அண்ணனுக்கு,

முதலில் எண். ஒரு மைல், ஒரு நிமிஷம் இரண்டு விநாடி. போக ஒரு தரம், வர ஒரு தரம், கூட்டிப் பாதி. கடிகாரத்தை நான் மூன்று பேரிடம் காட்டினேன்.

போகிக்கு முந்தின நாள் கோயிலுக்குப் போனேன். அவரும் வந்தார், தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டார். நீங்கள் சொன்னபடி மூன்று தரம் சொன்னேன். மூன்றாம் தரம் சொல்லும்போது உள்ளே உதைத்தது. சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

உங்கள் படத்தைக் கொட்டகைச் சுவரில் ஒட்டினார். பெருக்கலில் ஒரு இடத்தில் தப்பாம், சிவப்புப் பென்சிலால் சுழித்து வைத்திருக்கிறார், அதைச் சொல்வதில் அவருக்கு அவ்வளவு சந்தோஷம். மற்றதையெல்லாம் நீங்கள் போட்டபடியேதான் செய்தார். மாட்டுப்பொங்கல்வரை வேலை நடந்தது. மறுநாள் காலை பறந்தார். புது வேட்டியைக் கட்டிக்கொண்டுதான் ஏறினார்.

பனை வரிசையை நெருங்கும்போது நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது பனைக்கு மேலே இருந்தது. பனைக்கு மேலே, அதற்கும் மேலே. சும்மா வாயைத் திறந்துகொண்டு நின்றேன். கவுண்டர் துண்டை எடுத்து வீசி, "இப்பத்தானுங்க இது பறக்குது!" என்று கத்தினார். இவர் மேலே அரை மணி நேரம் சுற்றினார். இறங்கி வந்தபோது தண்ணீர் கொதிக்கவில்லை, முகத்தில் ஒரு பொட்டு ஆவி இல்லை. எஞ்சின் மேல் கையை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார். "உசிரோடதான் இருக்கு" என்றார். நான் கேட்டுவிட்டேன் என்று தெரிந்ததும், "சூடா இருக்குன்னு சொன்னேன்" என்று மாற்றினார். நான் முதலில் கேட்டதையே உங்களுக்கு எழுதுகிறேன். அவர் வாயால்தான் சொன்னார். உங்களுக்கு அது போதுமா?

பலகாரப் பொட்டலத்தின் கதையும் வெளியே வந்தது. அன்று பெஞ்சிலேயே உட்கார்ந்து அதிரசம் பூராவையும் அவரே தின்றிருக்கிறார். "உங்கண்ணன் போன வண்டி கண்ணுக்கு மறையுறவரைக்கும் என்ன செய்யன்னு தெரியல" என்கிறார்.

இனிக் கெட்ட செய்தி. தராசைப் பெட்டியில் வைத்து ஆணியடித்து, விலாசமும் எழுதி வைத்தேன். அவர் ஆணியைப் பிடுங்கிவிட்டார். அனுப்ப முடியாதாம். "வேணுமின்னா மச்சானே வந்து வாங்கிட்டுப் போகட்டும்" என்கிறார். ஏசுரத்தினம் அண்ணாச்சியின் வேலை என்னாகும் என்றேன். "அப்ப சீக்கிரமே வரச் சொல்லு" என்கிறார்.

நான் என்ன பதில் சொல்லட்டும்?

தங்கை,
சாந்தம்மாள்

*

சங்குமலை எஸ்டேட்
27-1-1936

தங்கை சாந்தம்மாளுக்கு,

பெருக்கலில் தப்பு இருந்தது உண்மைதான். பார்த்தேன். மாப்பிள்ளை போட்டதுதான் சரி.

பிப்ரவரி பத்தாம் தேதி காலை வண்டியில் நானும் மதினியும் வந்து இறங்குகிறோம். வளையல் ஐந்து வகை. அதிரசம் இரண்டு பொட்டலம், ஒன்று பெஞ்சுக்கு. உன் துணிமணிகளைக் கட்டி வை. நாலு நாள் தங்கிவிட்டு உன்னை அழைத்துக்கொண்டு கிளம்புவோம். அதற்குள் பனைக்கு மேலே அது போவதை ஒரு தரமாவது நான் பார்க்க வேண்டும்.

ஒன்று மட்டும் மாப்பிள்ளையிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடு. வண்டி கட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்கு வரும்போது நல்ல மனசில் தராசையும் கையோடு எடுத்துவந்துவிடப் போகிறார். அது வீட்டிலேயே இருக்கட்டும். வாசலை மிதிக்க மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தவன் நான். உள்ளே வர எனக்கு வேறு சாக்கு இல்லை.

அண்ணன்,
கருத்தப்பாண்டி